ஈசாக் செதுக்கிய மீன்கள்

குளத்தூர்
12 ஜூன் 2024

கருணாகரன் சாருக்கு, உங்கள் வீட்டுக்கு எதிரே மரக்கடை வைத்திருக்கும் ராஜதாஸ் எழுதுவது.

நாலு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை மணியே அடிக்கவில்லை. அதனால் ரெஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கினீர்கள் என்று எனக்கு அட்டை வந்துவிடும், கிடைக்கவில்லை என்று பிறகு சொல்ல முடியாது.

போன வெள்ளிக்கிழமை அஷ்வதி என்று ஒரு பெண்பிள்ளை என் யார்டுக்கு வந்தாள். ஊர் ஊராகப் போய்ப் பழைய வீடுகளைக் கணக்கெடுத்து, இதை இடிக்கக்கூடாது, இதைக் காப்பாற்ற வேண்டும் என்று பட்டியல் போடுகிற சங்கமாம். இல்ல மரபு மன்றம் என்று பெயர். பையில் சுவரின் ஈரம் அளக்க ஒரு கருவி, மேலே பறக்கவிட ஒரு டிரோன், கழுத்தில் அடையாள அட்டை. எல்லாம் உண்டு, தேக்கையும் அயினியையும் பார்த்தால் மட்டும் தெரியாது. எது என்ன மரம் என்று சொல்ல, பழைய வீட்டைப் பிரித்து மரம் விற்கிற, வீடு பொளிக்கிறவனைத் தேடி வந்திருக்கிறாள்.

காகிதத்தை விரித்தாள். நாற்பது வீட்டில் முதல் வீடு உங்களுடையது. முதல் தரம். வயது சுமார் இருநூற்று நாற்பது. முன்னோர் காலம் முதல் மாற்றமில்லாமல் இருக்கிறது. நான் அப்போது சாயா குடித்துக்கொண்டிருந்தேன். பாதி மூக்கு வழியாக வந்தது. "அங்கிளே, வெள்ளம் வேணுமா?" என்று பாவம் பாட்டிலை நீட்டினாள்.

சார், அந்த வீட்டை 2009-ல் நானும் என்னிடம் வேலை பார்த்த ஈசாக்கும் நிமிர்த்தினோம். தூண் நாலும் காட்டாக்கடையில் பொளித்த வீட்டினுடையது. பலகைச் சுவர் குலசேகரத்திலிருந்து வந்தது. வாசல் நிலையும் கதவும் காஞ்சிரங்குளம். மூன்று வீட்டின் எலும்பை எடுத்து ஒரு ஆளை நிறுத்தினோம். அதற்கு முன்னால் அங்கே நின்றது ரெண்டு அறையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும். மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். உங்கள் மகள் லேகாவுக்குத் திருவனந்தபுரத்துச் சம்பந்தம் வந்தது. அவர்கள் பரம்பரைத் தறவாட்டு வீட்டைப் பார்க்க வருகிறார்கள், மூன்று மாதத்தில் ஒரு தறவாடு வேண்டும் என்று என் யார்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னீர்கள். கொடுத்தேன். பதினைந்து வருஷமாக ஒரு ஆளிடமும் வாய் திறக்கவில்லை. வாங்கியவன் மானத்தைக் காப்பதும் வியாபாரத்தில் சேர்ந்ததுதான்.

இப்போது திறக்க வேண்டிவந்தது ரோட்டால். அகலப்படுத்த உங்கள் பக்கம்தான் அளந்திருந்தார்கள். உங்கள் வீடு பட்டியலில் ஏறினால் கோடு கிழக்கே வளையும். என் யார்டும், யார்டை ஒட்டி சாராம்மா அக்காவின் நாலு சென்ட் வீடும் போகும். யார்டு போனால் நான் வேறு இடம் பார்ப்பேன். என் அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. முந்திரி ஆபீஸில் முப்பது வருஷம் கொட்டை தல்லி உடைத்துக் கட்டின வீடு அது. நேற்று கேட்டாள்: "எலே ராஜதாசே, நீ நட்ட தூணு என்னெ எறக்கி விடுமாலே?"

ஜூலை 24-ல் ரோட்டு விசாரணை. அதற்குள் வீட்டின் வயதைத் திருத்தி மன்றத்துக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். அவ்வளவுதான்.

ராஜதாஸ்


திருவனந்தபுரம்
21 ஜூன் 2024

ராஜதாசுக்கு,

கடிதம் கிடைத்தது. எதிர்பார்த்ததைவிடப் பிழை குறைவாக இருந்தது. யாரைக் கொண்டு எழுதுவித்தாய் என்று தெரியவில்லை.

வீடு என்பது கட்டை அல்ல. அந்த மண்ணில் என் குடும்பம் எட்டுத் தலைமுறையாக இருக்கிறது. மேலே நிற்பது காலத்துக்குக் காலம் மாறும் உடை. கட்டையை விற்கிறவனுக்குக் கட்டைதான் கண்ணில் படும். அதில் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் முப்பத்தொரு வருடம் ஃபைல் பார்த்தவன் நான். 2009 ஜனவரியில் பஞ்சாயத்துக்குக் கொடுத்த மனுவின் நகல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. 'பழைய வீட்டின் மராமத்து' என்று உன் கையால் எழுதி, பணி ஏற்பவர் என்ற இடத்தில் நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். மராமத்து என்றால் வீடு முன்பே இருந்தது என்று அர்த்தம். விசாரணையில் எழுந்து நின்று, நான் பொய் மனு எழுதினவன், ஆகவே இப்போது சொல்வதை நம்புங்கள் என்று சொல்லப் போகிறாயா?

கடலோரத்தில் ஒரு ரிசார்ட்காரர் உன்னிடம் வாங்கிய வீட்டின் வாசலில் 'இருநூறு வருட மாளிகை' என்று எழுதி வைத்திருக்கிறார். அவரையும் நினைத்துக்கொள். நீ வாயைத் திறந்தால் என் வீடு ஒன்றுதான் போகும் என்று எண்ணாதே.

உன் அக்காவுக்கு அரசு நஷ்டஈடு கொடுக்கும். நாலு சென்டுக்கு அது தாராளமாகவே இருக்கும்.

கருணாகரன்

பி.கு. இனி எழுதினால் பிளாட் விலாசத்துக்கு வேண்டாம். என் பெயருக்கு இங்குள்ள தபால் நிலையத்தில் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். நானே போய் வாங்கிக்கொள்வேன்.


குளத்தூர்
28 ஜூன் 2024

கருணாகரன் சாருக்கு,

தபால் நிலையத்துக்கே அனுப்புகிறேன். காரணம் உங்கள் பி.கு.விலேயே புரிந்துவிட்டது. வீட்டைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதிக்கொடுத்ததே நீங்கள் தங்கியிருக்கும் பிளாட்டுக்காரர், உங்கள் மருமகன் ஆதித்யன்தான் என்று அஷ்வதி சொன்னாள். சம்பந்தம் பேசிய அன்று நீங்கள் அவிழ்த்துவிட்டதை அந்த ஆள் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். சம்பந்தம் முடிந்ததும் மெல்லச் சொல்லியிருந்தால் ஒரு நாள் சிரிப்போடு போயிருக்கும். எட்டுத் தலைமுறைக்காரருக்கு அந்தப் புத்தி வரவில்லை.

கடிதத்தை யாரைக் கொண்டும் எழுதுவிக்கவில்லை. ஆறாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம், மீதி யார்டில் பில் எழுதிப் படித்தது.

மனு என் கைதான். சொல்லச் சொல்ல எழுத வைத்தது யார்? புது வீடு என்றால் பிளான் வேண்டும், அனுமதி வேண்டும், மூன்று மாதத்தில் நடக்காது, மராமத்து என்று போடு என்று சொன்னவர் ஃபைல் தெரிந்தவர். எனக்கு ஃபைல் தெரியாது, தெரிந்தவரை நம்பினேன். என் தொழிலில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அது ஒன்றுதான்.

ரிசார்ட்காரரைச் சொல்லிப் பயமுறுத்துகிறீர்கள். மரம் பழையது என்றுதான் நான் விற்கிறேன், அது பொய்யில்லை. வீடே பழையது என்று வாங்குகிறவன் தானாக நினைத்துக்கொள்வான். நான் திருத்த மாட்டேன். அதில்தான் என் லாபம். நல்ல தொழில் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நான் விற்ற வீட்டால் யாரும் தெருவுக்கு வரவில்லை, இதுவரை.

இனி மீன் விஷயம். உங்கள் உள்ளறைப் பலகைகளின் பின்பக்கத்தை அந்தப் பெண் படம் எடுத்திருக்கிறாள், பக்கத்தில் அளவுகோல் வைத்து. மன்றத்துக்கு ஒரு முனைவர் உண்டு. அவர் பார்த்துவிட்டு, 'இதுவரை வாசிக்கப்படாத தச்சர் குறியீடுகள், மீன் சின்னம் பாண்டியர் தொடர்பைக் காட்டக்கூடும்' என்று எழுதிவிட்டார். நான் வாசித்துக் காட்டுகிறேன். ஈசாக்குக்கு எழுத்துத் தெரியாது. வீட்டைப் பிரிக்கும்போது எந்தப் பலகை எங்கே என்று குறி போடாவிட்டால் திரும்பச் சேர்க்க முடியாது. நான் எண் போடுவேன், அவன் மீன் போடுவான். குட்டைப் பலகைக்குச் சாளை. நடுத்தரத்துக்கு அயிலை. ஆள் உயரப் பலகைக்கு நெய்மீன். வாலில் எத்தனை கோடோ அத்தனையாவது பலகை. தலை பார்க்கிற பக்கம் வாசல். மதியம் சோற்றுக்கு என்ன மீன் கிடைத்ததோ அதைப் பொறுத்து உளி நன்றாகவோ மோசமாகவோ ஓடும். பாண்டிய ராஜா காஞ்சிரங்குளத்துச் சந்தையில் அயிலை வாங்கின கதை எனக்குத் தெரியாது, ஈசாக் வாங்கினது தெரியும்.

பொளிக்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த முனைவருக்கு இந்தக் கேடு இல்லை. கேட்டது அந்தப் பெண் மட்டும்தான், அதுவும் மரத்தின் பெயரை.

ராஜதாஸ்


திருவனந்தபுரம்
5 ஜூலை 2024

ராஜதாசுக்கு,

மீன்களைப் பற்றி நீ எழுதியது சுவாரசியமாக இருந்தது. ஆனால் அதே மீன்களைப் பற்றி ஒரு முனைவர் ஒன்பது பக்கம் எழுதி அனுப்பிவிட்டார். அவருக்கு எதிராக நீ நிறுத்தும் சாட்சி யார்? எழுத்து வாசனை இல்லாத, சாராயத்தில் செத்துப்போன ஒரு கூலிக்காரன். எடுபடுமா, யோசி.

நடைமுறையாகப் பேசுவோம். பட்டியலில் ஏறும் வீடுகளைப் பழுது பார்க்க மன்றத்துக்குப் பழைய மரம் வேண்டும், மரம் தெரிந்த ஆள் வேண்டும். உன்னை 'மரபுத் தச்சு ஆலோசகர்' என்று போடச் சொல்ல என்னால் முடியும். கழுத்தில் நீயும் ஒரு அட்டை தொங்கவிட்டுக்கொள்ளலாம். நாற்பது வீட்டு வேலை, ஒரு யார்டைவிடப் பெரியது. உன்னைப் போன்றவர்களுக்கு இப்படி ஒரு வாசல் திறப்பது அபூர்வம்.

என் நிலைமை உனக்குப் புரியாது. இந்தப் பிளாட்டின் வரவேற்பறையில் அந்த வீட்டின் படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களை எல்லாம் அதன் முன்னால் நிறுத்தி ஆதித்யன் விளக்கம் சொல்கிறான். நான் அதற்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கிறேன். என் மனைவி விஜயம்மா இருந்தவரை இரண்டு பேராக அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போது தனியாகக் கேட்கிறேன்.

இதை உனக்கு எழுதியிருக்க வேண்டியதில்லை. பதிலைச் சீக்கிரம் அனுப்பு.

கருணாகரன்


குளத்தூர்
9 ஜூலை 2024

கருணாகரன் சாருக்கு,

ஆலோசகர் அட்டை வேண்டாம். கழுத்தில் கயிறு இல்லாமலே இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்தாயிற்று.

ஈசாக் சாராயத்தில் சாகவில்லை. ஈரலில் கட்டி வந்து, மெடிக்கல் காலேஜில் பதினேழு நாள் கிடந்து செத்தான். கூட இருந்தது நான். உங்கள் வாசல் நிலையைத் தோளில் தாங்கி, மழையில் ரெண்டு மணி நேரம் அசையாமல் நின்றவன் அவன். அன்றைக்கு நீங்கள் அவனை 'ஈசாக்கே மக்கா' என்று கூப்பிட்டீர்கள். வேலை முடிந்ததும் கூலிக்காரன் ஆகிவிட்டான்.

மீன் எடுபடாது என்கிறீர்கள். சரி, வேறொன்று காட்டுகிறேன். அந்த நிலை காஞ்சிரங்குளத்து அளவு, சுவர் குலசேகரத்து அளவு. மேல்கட்டையின் முளை துளையில் உட்காராமல் ஆடிக்கொண்டிருந்தது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஆப்பு சீவ மெல்லிய தேக்கு கையில் இல்லை. கல்யாணம் திருவனந்தபுரத்திலேயே பேசி முடிவாகித் தேதியும் வைத்துவிட்டதால் அழைப்பிதழ் அப்போதே அடித்து வந்திருந்தது. அதில் மை பரவி வீணாய்ப்போன ஒரு கட்டு கார்டை விஜயம்மா சேச்சி எடுத்துவந்து, "இது போதுமா ராஜதாசே, நல்ல கட்டியான கார்டாக்கும்" என்று கொடுத்தார். மடித்து மடித்துத் துளையில் திணித்தோம். நிலை நின்றது. இன்றைக்கும் நிற்பது அதில்தான்.

இருநூற்று நாற்பது வருஷத்து வாசலுக்குள் 'ஆதித்யன் - லேகா, 2009 மே' என்று பொன் எழுத்தில் இருக்கிறது சார். எந்த முனைவர் வந்து அதைப் பாண்டியன் என்று வாசிப்பார் பார்க்கிறேன்.

மேல்கட்டையின் பக்கப் பலகையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி அஷ்வதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூலை 18 வியாழக்கிழமை, காலை பத்து மணி. வீட்டுச் சொந்தக்காரர்கள் என்று உங்கள் மருமகனையும் அழைத்திருக்கிறார்கள். இதனால் என் தொழிலுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு வீடு கலப்பு என்று தெரிந்தால் நான் விற்ற எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஒன்பது நாள் இருக்கிறது. அவர் ஏணியில் ஏறிப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் நீங்களே உட்கார்த்திச் சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதத்தைப் பிளாட்டுக்கு அனுப்பியிருந்தால் என் வேலை இன்றே முடிந்திருக்கும். தபால் நிலையத்துக்குத்தான் அனுப்புகிறேன். உங்கள் மேல் மரியாதை இருப்பதாக நினைக்க வேண்டாம். அந்தக் கார்டைக் கொடுத்த கைக்கு மரியாதை.

ராஜதாஸ்


திருவனந்தபுரம்
2 ஆகஸ்ட் 2024

ராஜதாசுக்கு,

நான் சொல்லவில்லை. உன் கடிதம் வந்த நாள் முதல் தினமும் காலையில் சொல்லலாம் என்று எழுந்து, இரவில் நாளைக்கு என்று படுத்தேன்.

வியாழக்கிழமை நான் காரைவிட்டு இறங்காததை நீ பார்த்திருப்பாய். கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. நீ ஏணியில் நின்று பலகையைக் கழற்றினாய். அந்தப் பெண் டார்ச் அடித்தாள். உள்ளே கையை விட்டு எடுத்தது நீ இல்லை, ஆதித்யன். நான் எடுக்கிறேன் என்று அவனே கேட்டு ஏறினான். எடுத்ததை விரித்தான். மடிப்பு மடிப்பாக விரித்துக்கொண்டே இருந்தான். நீ ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாய். ஏதாவது பேசுவாய் என்று எதிர்பார்த்தேன்.

திரும்பி வரும்போது பாலராமபுரம் தாண்டியதும், காரில் கூட வந்திருந்த லேகா சொன்னாள், "எனக்கு அப்பவே தெரியும் ஆதித்யா. கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லாம் சந்தன மணம்னு சொன்னது வார்னிஷ்." பதினைந்து வருடம் என் மகளும் எனக்காக நடித்திருக்கிறாள். அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். "அச்சன் ஆஸ்பெஸ்டாஸ் வீட்டிலிருந்து கேட்டிருந்தாலும் நான் கட்டியிருப்பேன்" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வரவேற்பறையில் படம் இல்லை. ஆணி இருக்கிறது. காபி நேரத்துக்கு வருகிறது. நானும் அதே நாற்காலியில்தான் உட்காருகிறேன்.

விசாரணை முடிந்து நோட்டீசும் வந்துவிட்டது. கோடு மேற்குப் பக்கத்திலேயே. வீடு போகிறது, பின்னால் பதினோரு சென்ட் மிஞ்சுகிறது. பொளிக்க ஐந்து பேர் வந்து விலை சொன்னார்கள். ஒருவர்கூடத் திரும்ப நிறுத்தித் தருவதாகச் சொல்லவில்லை. அந்தப் பலகைகளில் ஈசாக் போட்டது அவர்களுக்கு வெறும் கீறல்.

பின்னால் உள்ள நிலத்தில் அதே வீட்டை நிறுத்த முடியுமா? எனக்கு இந்தப் பிளாட்டில் இனி இருக்க முடியவில்லை. கேட்கத் தகுதி இல்லாத இடத்தில் கேட்கிறேன்.

கருணாகரன்


குளத்தூர்
10 ஆகஸ்ட் 2024

கருணாகரன் சாருக்கு,

ஏணியில் நின்றபோது பேச நிறைய வைத்திருந்தேன். பதினைந்து வருஷத்துக்கு உண்டான பேச்சு. அந்த ஆள் கார்டை விரித்து, ஒவ்வொன்றாக அடுக்கி, சட்டைப் பையில் வைத்தபோது நான் ஏணியைத்தான் இறுக்கிப் பிடித்தேன்.

செய்தி சொல்கிறேன். ரிசார்ட்காரர் வாசல் பலகையை எடுத்துவிட்டு எனக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ரெண்டு பெரிய பார்ட்டிகள் இனி வேண்டாம் என்றுவிட்டார்கள். அஷ்வதி நாற்பது வீட்டுப் பட்டியலோடு திரும்ப வந்து, "அங்கிளே, இதில் உங்க கை எதிலெல்லாம் உண்டு?" என்று கேட்டாள். பதினொன்றைக் காட்டினேன். அவற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டாள், தேறிவிடுவாள். முனைவர் தேறமாட்டார். ஒன்பது பக்கமும் அப்படியே இருக்கிறது, கடைசியில் 'மீன் மரபு அண்மைக்காலம் வரை நீடித்தது' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். நான் வீட்டை நட்டுக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லத்தான் வாசித்தேன். அவள் மீன் கழுவிக்கொண்டே, "அந்த ஆளுக்குப் போக்கிடம் இல்லலே. நட்டுக் குடு. இனி பொய் சொல்லாதேன்னு மட்டும் சொல்லு" என்றாள். நஷ்டஈடு தாராளமாகக் கிடைக்கும் என்று நீங்கள் எழுதினதையும் அவளுக்கு முன்பே வாசித்துக் காட்டியிருந்தேன் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே வாறேன். ஓணம் கழிந்து பிரிக்கத் தொடங்கினால் தை மாதத்துக்குள் நிற்கும். மூன்று காரியம் உண்டு. மனுவில் 'புதிய வீடு' என்று உங்கள் கையால் எழுத வேண்டும். இந்தத் தடவை நான் எழுதமாட்டேன். நிலைக்குக் கார்டு வைக்கமாட்டேன், தேக்கு ஆப்புதான். மூன்றாவது, வாசலுக்கு மேலே, உள்பக்கம் இல்லை, ரோட்டில் போகிறவன் வாசிக்கிற வெளிப்பக்கத்தில், கட்டின வருஷத்தை வெட்டுவேன். 2025. பக்கத்தில் ஒரு நெய்மீன், ஈசாக்குக்காக.

மூன்றாவதற்குச் சம்மதமில்லை என்றால் அந்த ஐந்து பேரில் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சாளையை நெய்மீன் இடத்தில் வைத்து ஒரு கோழிக்கூடு கட்டித் தருவார்கள்.

ராஜதாஸ்


திருவனந்தபுரம்
17 ஆகஸ்ட் 2024

ராஜதாஸ் அவர்களுக்கு,

மனுவை எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். 'புதிய வீடு' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். பிரிக்கிற அன்று ஆதித்யனும் வந்து மீனை வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறான். சாராம்மாவிடம் நாலு சென்டைப் பற்றிய அந்த வரியை நான் எழுதியிருக்கக்கூடாது என்று சொல்லுங்கள். வேண்டாம், நான் வரும்போது நானே சொல்கிறேன்.

வருஷத்தை வெட்டிக்கொள்ளுங்கள். வெளிப்பக்கத்திலேயே வெட்டுங்கள். எண்கள் மட்டும் கொஞ்சம் சிறிதாக இருக்கட்டும்.

கருணாகரன்